பின்வரிசையில் நின்ற தலைவர்



பதுளையிலிருந்து பசறைக்கோ ஹாலி-எலைக்கோ தெமோதரைக்கோ பஸ்ஸில் போகும்போது, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் கிடக்கும் தோட்டத்து மைதானங்களைக் கவனித்திருப்பீர்கள். மாலை நேரத்தில் அங்கே உதைபந்தோ, கரப்பந்தோ, கிரிக்கெட்டோ நடக்கும். ஹொக்கி மட்டையை மட்டும் காண்பது அரிது. அந்த ஆட்டம் வெள்ளையரோடு நம் நாட்டிற்கு வந்தது. படையினரிடமும் துரைமாரிடமும் இருந்து நகரத்துக் கல்லூரிகளுக்குப் போயிற்று. கொழும்பிலும் கண்டியிலும் மாத்தளையிலும் வேரூன்றியது. லயத்துப் பிள்ளையிடம் வந்து சேர்வதற்கு மட்டும் அதற்கு அதிக காலம் பிடித்துவிட்டது.

ஆனால் உலக ஹொக்கி வரலாற்றின் முதற்பக்கத்தில் இருக்கும் ஒருவர், மாடு மேய்த்த மலைக்கிராமத்துப் பிள்ளை என்பதை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? நம் முன்னோர் திருச்சியிலும் சேலத்திலும் இராமநாதபுரத்திலும் இருந்து கங்காணிகளோடு கண்டிச் சீமைக்கு நடந்து வந்த அதே நூற்றாண்டில், அவருடைய இனத்தார் ஆள்பிடிகாரர்களோடு அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். கொழுந்துக் கூடையின் பாரம் அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அந்த மனிதரின் பெயர் ஜெய்பால் சிங். 1928இல் ஒலிம்பிக் ஹொக்கித் தங்கத்தை முதன்முதல் வென்ற இந்திய அணியின் தலைவர். அவர் ஆடிய இடம் பின்வரிசை. கோல் அடிப்பவரின் பெயர்தான் பத்திரிகையில் வரும், பின்வரிசைக்காரரின் பெயர் பிழைவிட்டால்தான் வரும் என்பார்கள். அதனால்தானோ என்னவோ, தியான் சந்தை அறிந்த அளவுக்கு நாம் இவரை அறியவில்லை.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில், ராஞ்சிக்குத் தெற்கே குந்தி என்ற பகுதி உள்ளது. அங்கே தக்ரா என்ற முண்டா இனத்தவரின் கிராமத்தில் 1903 ஜனவரி 3ஆம் திகதி அவர் பிறந்தார். வீட்டில் இட்ட பெயர் பிரமோத் பாஹன். அவர் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர்தான், அதே மண்ணில் வெள்ளையரையும் நிலம் பறித்தவர்களையும் எதிர்த்துக் கிளர்ந்த பிர்சா முண்டா, ராஞ்சிச் சிறையில் இறந்திருந்தார். ஆகவே அந்தப் பிள்ளை வளர்ந்த வீடுகளில் தோல்வியின் கசப்பு இன்னும் ஆறியிருக்கவில்லை. நிலம் போனவன் எங்கே போவான்? அசாமுக்குப் போனான், வங்காளத்துத் தேயிலைக்குப் போனான்.

சிறுவனுக்கு மாடு மேய்ப்பது வேலை, கிராமத்துப் பள்ளியில் கொஞ்சம் எழுத்து. பின்னர் ராஞ்சியில் ஆங்கிலிக்கன் மறைபரப்புச் சபையினர் நடத்திய சென். போல் பாடசாலையில் சேர்க்கப்பட்டான். அங்குதான் ஜெய்பால் சிங் என்ற பெயரோடு வளர்ந்தான், அங்குதான் மட்டையையும் கண்டான். சோட்டா நாக்பூர் மலைநாட்டில் ஆங்கிலிக்கன், லூத்தரன், கத்தோலிக்க மறைப்பணியாளர் பலர் பாடசாலைகளை நிறுவியிருந்தனர். அந்தப் பாடசாலை முற்றங்களில் ஹொக்கி பரவியது. சப்பாத்து இல்லாவிட்டாலும், வளைந்த மூங்கிலை வெட்டி மட்டையாக்கி ஆடலாம் என்பது அந்த மலைப்பிள்ளைகள் கண்டுகொண்ட வசதி.

பாடசாலையின் அதிபர் கொஸ்கிரேவ் என்னும் குருவானவர். பையனின் அறிவைக் கண்டு, 1918இல் அவனை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். கன்ரபரியிலுள்ள சென். ஒகஸ்டின் கல்லூரியில் மறைப்பணிக்கு ஆயத்தமாக்கவேண்டும் என்பதே எண்ணம். ஆனால் ஜெய்பால் சிங் குருவாகவில்லை. 1922இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் சென். ஜோன்ஸ் கல்லூரியில் சேர்ந்து பொருளியல் படித்துச் சிறப்புப் பட்டம் பெற்றார். நம் நாட்டின் பிரதமராகப் பின்னர் வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அதே ஆண்டுகளில் அதே ஒக்ஸ்போட்டில் வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். ஒருவர் வளவுக்காரரின் மகன், மற்றவர் மாடு மேய்த்தவர்.

ஒக்ஸ்போட்டில்தான் அவருடைய ஆட்டம் முதிர்ந்தது. பல்கலைக்கழக அணியில் இடம்பெற்று, 'புளூ' எனப்படும் நிற விருதை ஹொக்கிக்காகப் பெற்றார். பிரித்தானியப் பத்திரிகைகளில் ஹொக்கி பற்றி எழுதவும் தொடங்கினார். அவருடைய ஆட்டத்தைப் பற்றிப் பதிவானவை மூன்று செய்திகள். பந்தைப் பறிப்பதில் தூய்மை, நிதானமான அறிவு, குறி தவறாத பலத்த அடி. இந்த மூன்றும் என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல எனக்கு அனுமதி தாருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை பாடசாலை அணியில் பின்வரிசையில் நிறுத்தப்பட்டு முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தால், இதை அவனுக்கு, அல்லது அவளுக்கு, வாசித்துக் காட்டலாம்.

அக்காலத்தில் ஒரு ஹொக்கி அணி நின்ற முறை இது: கோல் காப்பாளர் ஒருவர், அவருக்கு முன்னால் 'புல்-பேக்' எனப்படும் பின்காப்பாளர் இருவர், அவர்களுக்கு முன்னால் நடுவரிசையில் மூவர், முன்வரிசையில் ஐவர். ஐந்து பேர் பாய்ந்து வரும்போது கடைசியில் தடுத்து நிற்க வேண்டியவர்கள் இரண்டே பேர். களைத்தவரை வெளியே எடுத்து மாற்று ஆளை இறக்கும் வழக்கமும் அன்று இல்லை. தொடங்கியவர்களே முடிக்கவேண்டும்.

ஓப்-சைட் விதியும் இன்று இருப்பதுபோல் இல்லை. இன்று அந்த விதியே இல்லை. அன்று பந்து தரப்படும் வேளையில், அதை வாங்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவராவது இருக்கவேண்டும். 1972இல் அது இருவராகக் குறைந்தது, 1990களின் பிற்பகுதியில் முற்றாக நீங்கிற்று. மூவர் விதியின் கீழ், இரண்டு பின்காப்பாளரில் ஒருவர் சரியான நொடியில் நாலு அடி முன்னே வந்துவிட்டால் போதும், எதிரியின் முன்வரிசை முழுவதும் விதிக்கு வெளியே நின்றுவிடும். ஆகவே அந்த இருவரும் ஒரே வரியில் நிற்கமாட்டார்கள். ஒருவர் முன்னே, மற்றவர் பின்னே, ஒரு கயிற்றின் இரண்டு முனைபோல ஏறி இறங்குவார்கள். ஒருவர் மோதப் போனால் மற்றவர் அவருக்குப் பின்னால் மூடிக்கொள்வார். ஆழத்தில் நின்று மற்றவரின் தவறையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் அந்த வேலைதான் ஜெய்பால் சிங்கினுடையது. பந்தைவிட ஆட்களைப் படிக்கத் தெரிந்தவனுக்குரிய இடம் அது.

இனிப் பந்தைப் பறிக்கும் விதம். ஹொக்கி மட்டைக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். எதிரியின் மட்டையை அடித்தால் பிழை, உடம்பால் மோதினாலும் பிழை. ஆகவே பறிப்பவருக்கு உள்ள வழி ஒன்றே: பந்தை, பந்தை மட்டும், முதலில் தொடவேண்டும். தூய்மையான பறிப்பு என்று சொல்வது இதைத்தான். கண் எதிரியின் தோளையோ மட்டையையோ பார்த்தால் ஏமாந்துபோகும். தோள் பொய் சொல்லும், மட்டை பொய் சொல்லும், பந்து மட்டும் பொய் சொல்லாது. முழங்கால் மடங்கி, உடம்பு தாழ்ந்து, பாரம் பாதத்தின் முன்பகுதியில் இருக்க, மட்டை நிலத்தில் இருக்கவேண்டும். மட்டையை இடுப்பளவில் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பின்காப்பாளரைக் கண்டால் முன்வரிசைக்காரனுக்குக் கொண்டாட்டம். அந்த மட்டை கீழே இறங்குவதற்குள் பந்து கடந்து போயிருக்கும்.

நிற்கும் பக்கமும் முக்கியம். பந்தோடு வருகிறவன் அதைத் தன் வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டு வருவான். உங்கள் இடப்பக்கமாக உங்களைக் கடந்து போகத்தான் அவனுக்கு ஆசை. ஏனெனில் அங்கே உங்கள் மட்டையைப் புரட்டித்தான் பந்தைத் தொடமுடியும். ஆகவே நேருக்கு நேர் நில்லாமல் சற்றே உங்கள் இடப்பக்கம் நகர்ந்து அந்த வழியை அடைத்துவிடுங்கள். உங்கள் வலப்பக்கத்தை அவனுக்குத் திறந்து காட்டுங்கள். வழி கிடைத்தது என்று எண்ணி அவன் அங்கே திரும்பும்போது, பந்து உங்கள் மட்டையின் தட்டைப் பக்கத்திற்கு நேரே வந்து சேரும். எதிரிக்கு வழி கொடுப்பதுபோலக் கொடுத்து, அவனைத் தனக்கு வேண்டிய இடத்திற்கு வரவழைப்பது நல்ல பின்காப்பாளரின் பாதித் திறமை.

மீதிப் பாதி பொறுமை. பந்து எதிரியின் மட்டையோடு ஒட்டியிருக்கும்போது பாய்ந்தால் பயனில்லை. அவன் அதைத் தட்டி முன்னே விடுகிற ஒரு கணம் வரும், பந்து மட்டையைவிட்டு ஒரு சாண் விலகியிருக்கும். அந்தக் கணத்தில் இடது கையால் மட்டையை நீட்டி ஒரு குத்து. குத்திய மட்டை உடனே திரும்பி வந்துவிடவேண்டும், தவறினாலும் கால்கள் அடுத்த முயற்சிக்கு ஆயத்தமாக இருக்கவேண்டும். அந்தக் கணம் வராவிட்டால்? பின்வாங்குங்கள். எதிரிக்கு முகம் கொடுத்தபடியே, அவன் வேகத்தில் பின்னே சென்று, மெல்ல மெல்ல அவனை ஓரக்கோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போங்கள். கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்குள் இருந்து அடித்தால்தான் கோல். வெளியே எவ்வளவு ஓடினாலும் கணக்கில் வராது. ஓரத்திற்குப் போனவனின் முன்னே கோல் ஒடுங்கிவிடும், அதற்குள் தோழர்களும் திரும்பி வந்துவிடுவார்கள். மட்டையை நிலத்தோடு படுக்கவைத்துச் சுவர்போலத் தடுப்பதும் உண்டு, ஆனால் அது கடைசி வழி. நிலத்தில் விழுந்தவனுக்கு இரண்டாம் முயற்சி கிடையாது.

பறித்த பந்தை என்ன செய்வது? இங்கேதான் அந்தக் குறி தவறாத பலத்த அடி. பயந்தவன் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பான், பந்து மறுபடி எதிரியிடமே போகும். ஜெய்பால் சிங்கின் அடி தம் முன்வரிசைக்காரனின் மட்டையைத் தேடிப் போகுமாம். காப்பதும் தாக்குவதும் அவரிடம் ஒரே அசைவாக இருந்தன.

இவ்வளவும் வாசித்துவிட்டு, இந்த மனிதர் வாழ்க்கையிலும் எப்போதும் காத்திருந்து காத்திருந்தே முடிவெடுத்தார் என்று எண்ணிவிடாதீர்கள். 1928இல் அவர் எடுத்த முடிவைப் பாருங்கள்.

அப்போது அவர் ஐ.சி.எஸ். எனப்பட்ட இந்திய ஆட்சிப்பணிக்குத் தேர்வாகி இங்கிலாந்தில் பயிற்சியில் இருந்தார். ஐ.சி.எஸ். என்றால் என்ன என்பதை நம் பெரியவர்களிடம் கேளுங்கள். ஒரு மாவட்டத்தையே ஆளும் அதிகாரம், வாழ்நாள் சம்பளம், ஓய்வூதியம். ஓர் ஆதிவாசிக் குடும்பத்துப் பிள்ளைக்கு அது வானத்திலிருந்து இறங்கிய ஏணி. அந்நேரம் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்குச் செல்லும் இந்திய ஹொக்கி அணிக்குத் தலைமை தாங்க அழைப்பு வந்தது. விடுமுறை கேட்டார், மேலிடம் இசையவில்லை. அவர் மட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்தபோது, பயிற்சியை இன்னும் ஓராண்டு தொடரவேண்டும் என்றார்கள். அவர் மறுத்து, பதவியையே விட்டு விலகினார். அது துணிவா, பிடிவாதமா? என் மனதில் இரண்டும் கலந்தது என்றே படுகிறது. ஏழைக் குடும்பத்தில் ஒரு பிள்ளை இப்படிச் செய்தால் தாய் தகப்பன் எவ்வளவு துடிப்பார்கள் என்பதை நாம் அறிவோம்.

அந்த அணி பம்பாயிலிருந்து கப்பலேறியபோது வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர் என்று சொல்வார்கள். ஜெய்பால் சிங் இங்கிலாந்தில் அணியோடு சேர்ந்தார். அங்கு நடந்த முன்னோட்டப் போட்டிகளிலேயே அவர்கள் வெள்ளைக்கார அணிகளைத் திணறடித்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஒஸ்திரியாவை 6-0, பெல்ஜியத்தை 9-0, டென்மார்க்கை 5-0, சுவிற்சர்லாந்தை 6-0 என்ற கணக்கில் வென்று, மே 26ஆம் திகதி இறுதியாட்டத்தில் ஒல்லாந்தை அதன் சொந்த மண்ணில் 3-0 என வீழ்த்தினர். ஐந்து ஆட்டத்தில் 29 கோல்கள், அவற்றில் 14 தியான் சந்துடையவை. எல்லோரும் இந்த எண்களைத்தான் சொல்வார்கள். நான் உங்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புவது மற்ற எண்ணை. இந்தியாவுக்கு எதிராக விழுந்த கோல்கள்: பூச்சியம். கோல் காப்பாளர் றிச்சர்ட் அலனும் அவருக்கு முன்னால் நின்ற பின்வரிசையும் ஐந்து ஆட்டத்திலும் ஒரு பந்தைக்கூட உள்ளே விடவில்லை.

ஆனால் அந்த இறுதியாட்டத்தில் அணித்தலைவர் ஜெய்பால் சிங் ஆடவில்லை. அதற்கு முன்பே அணியைவிட்டு விலகிவிட்டார். அணியின் ஆங்கிலேய மேலாளருடன் ஏற்பட்ட பிணக்கே காரணம் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. பின்னிகர் என்ற நடுவரிசை வீரர் தலைமையேற்றார், காய்ச்சலோடு தியான் சந்த் ஆடினார், வெற்றி வந்தது. பதவியைத் துறந்து எந்த ஆட்டத்துக்காக வந்தாரோ, அதன் உச்சிநாளில் அவர் களத்தில் இல்லை. வாசகரே, இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு வருத்தம் எழுகிறது. தன்மானம் பெரிதுதான். ஆனாலும் அந்த ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று மனம் கேட்கிறது. அவர் நிலையில் நின்று பார்க்காத நமக்கு அப்படிக் கேட்பது எளிது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1932இல், அடுத்த ஒலிம்பிக்குக்காக லொஸ் ஏஞ்சலிஸ் போகும் வழியில் இந்திய அணி கொழும்பில் இறங்கியது. நம் இலங்கை அணியோடு இரண்டு ஆட்டம் ஆடி 20-0, 10-0 என்று வென்றது. இதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. அன்று அவர்களை எதிர்த்து ஆடி அப்படித் தோற்காதவர் உலகில் மிகச் சிலரே. அந்த அணியின் தலைவர் லால் ஷா புகாரி. பிற்காலத்தில் பாகிஸ்தானின் உயர்ஸ்தானிகராகக் கொழும்புக்கு வந்து, 1959இல் இங்கேயே காலமானார்.

ஜெய்பால் சிங்கின் அடுத்த பத்து ஆண்டுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். கல்கத்தாவில் எண்ணெய்க் கம்பனியொன்றில் உயர் பதவி. மோகன் பகான் கழகத்தில் ஹொக்கி அணியை அமைத்து நடத்தினார். கொங்கிரசின் முதல் தலைவர் டபிள்யூ. சி. பானர்ஜியின் பேத்தி தாரா மஜூம்தாரை மணந்தார். ஆபிரிக்காவில், இன்று கானா எனப்படும் அன்றைய கோல்ட் கோஸ்டில், அச்சிமோட்டா கல்லூரியில் படிப்பித்தார். 1937இல் திரும்பிவந்து ராய்ப்பூர் ராஜ்குமார் கல்லூரியில் அதிபரானார், பின்பு பிகானேர் மன்னரின் அரசில் பணியாற்றினார். சுகமான வாழ்வு. அதிலேயே அவர் முதுமை எய்தியிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

அந்நாள்களில் அவர் ராஞ்சிக்குப் போனார். கோட்டும் சூட்டும் அணிந்து, மன்னர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மனிதர், தம் மக்கள் இன்னும் நிலம் பறிகொடுத்து, தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஆள்பிடிகாரரின் பின்னே போவதைக் கண்டார். 1939இல் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். மக்கள் அவரை 'மராங் கோம்கே' என்று அழைத்தார்கள். பெரிய தலைவர் என்று பொருள்.

1946இல் இந்திய அரசியல் நிர்ணய சபைக்குத் தெரிவாகி, அங்கே ஆதிவாசிகளின் குரலானார். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் ஆற்றிய உரை புகழ்பெற்றது. காட்டுவாசி என்று மற்றவர் இகழ்ச்சியாகச் சொல்லும் பெயரைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டு பேசினார். மலைவாழ் மக்களுக்கு யாரும் ஜனநாயகம் கற்பிக்கத் தேவையில்லை, அவர்களிடமிருந்து மற்றவர்தாம் கற்கவேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். அந்தச் சபையில் ஆதிவாசிப் பெண் ஒருவர்கூட இல்லையே என்றும் சுட்டிக்காட்டினார். மதுவிலக்கு பற்றிய பிரிவு வந்தபோது, அரிசியில் காய்ச்சும் பானம் தம் மக்களின் வழிபாட்டோடு கலந்தது என்று சொல்லி எதிர்த்தார். இந்த இடத்தில் நம் வாசகர் சிலர் புருவம் உயர்த்தலாம். தோட்டங்களில் கள்ளும் சாராயமும் குடும்பங்களைச் செய்த கேட்டை அறிந்த நமக்கு அது இயல்பே. ஆனால் ஒரு சிறு இனத்தின் சடங்கில் அரசு கைவைக்கலாமா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. பந்தை விட்டுவிட்டு ஆளை அடிக்காதீர்கள் என்பது அவருடைய ஆட்டத்தின் விதியல்லவா?

அவர் டில்லியில் இப்படி வாதாடிய அதே காலத்தில்தான் நம்மவரின் கதியும் தீர்மானமாயிற்று. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகளால் இலங்கை இந்தியக் கொங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தல் சட்டமும் வந்தன. 1952 தேர்தலில் அவர்களின் ஆசனம் ஒன்றுகூட இல்லை. ஊவாவின் லயங்களில் அதன் பொருள் என்ன என்பதை நான் உங்களுக்கு விளக்கவேண்டுமா? அசாமில் தேயிலை பறித்த ஆதிவாசிகளுக்கும் வேறு விதமான ஓர் அநீதி நேர்ந்தது. சொந்த மலைநாட்டில் பழங்குடி என்று பட்டியலில் ஏற்கப்பட்ட அதே இனத்தார், அசாமுக்குக் கூலியாகப் போன காரணத்தால் அங்கே 1950இன் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. கடல் கடந்தவனுக்கு நாடு இல்லை, ஆறு கடந்தவனுக்கு இனம் இல்லை என்றாயிற்று.

அவருடைய பொதுவாழ்விலும் இருண்ட நாள் ஒன்று உண்டு. 1948 ஜனவரி 1ஆம் திகதி, கர்சாவான் என்ற சிறு சமஸ்தானத்தை ஒரிசாவோடு இணைப்பதை எதிர்த்து ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் அங்கே சந்தைவெளியில் கூடினார்கள். ஜெய்பால் சிங் வந்து பேசுவார் என்று எதிர்பார்த்தே பலர் நடந்து வந்திருந்தனர். அவர் வந்து சேரவில்லை. பொலிசார் சுட்டனர், பலர் மாண்டனர். எத்தனை பேர் என்ற கணக்கு இன்றுவரை தர்க்கத்துக்குரியது. அவர் அங்கே இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று சொல்ல எவராலும் முடியாது. ஆனால் காத்திருந்த கூட்டத்தின் முன் அவர் இல்லாமற்போனது அந்த மலைநாட்டு மக்களின் நினைவில் நின்றுவிட்டது.

1950ஆம் ஆண்டளவில் ஆதிவாசி மகாசபை, ஜார்க்கண்ட் கட்சியாயிற்று. அதன் தேர்தல் சின்னம் எது தெரியுமா? சேவல்! நம் மலைநாட்டில் அந்தச் சின்னத்தை அறியாதவர் உண்டோ? 1952 தேர்தலில் அக்கட்சி பீகார் சட்டசபையில் 32 இடங்களை வென்று முதன்மை எதிர்க்கட்சியாக அமர்ந்தது. ஜெய்பால் சிங் நாடாளுமன்றம் சென்று, இறக்கும்வரை உறுப்பினராக இருந்தார். தனி மாநிலம் வேண்டும் என்ற கோரிக்கையை 1955இல் மாநிலச் சீரமைப்பு ஆணைக்குழு ஏற்க மறுத்தது. அதன்பின் கட்சி தளர்ந்தது. 1962இல் இடங்கள் இருபதாகக் குறைந்தன. 1963இல் அவர் கட்சியைக் கொங்கிரசோடு இணைத்து, சிறிது காலம் பீகாரில் அமைச்சராகவும் இருந்தார்.

இந்த இணைப்பை அவருடைய மக்களில் பலர் மன்னிக்கவில்லை. உள்ளே இருந்து பெறலாம் என்று அவர் நினைத்திருக்கலாம், களைத்துப் போயிருக்கலாம். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பந்து இன்னும் எதிரியின் மட்டையோடு ஒட்டியிருந்த வேளையில் அவர் பாய்ந்துவிட்டார். வழக்கமாக அப்படிச் செய்யாதவர். பின்னால் மூடிக்கொள்ள இன்னொரு பின்காப்பாளரும் அப்போது இருக்கவில்லை. பிற்காலத்தில் அவரே அதற்காக வருந்தினார் என்பார்கள்.

1970 மார்ச் 20ஆம் திகதி புதுடில்லியில் மூளையில் ஏற்பட்ட இரத்தப் பெருக்கால் அவர் இறந்தார். வயது 67. அவர் கேட்ட மாநிலம் 2000ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி, பிர்சா முண்டாவின் பிறந்தநாளில், ஜார்க்கண்ட் என்ற பெயரோடு உருவாயிற்று. ராஞ்சியில் ஒரு விளையாட்டரங்கு அவர் பெயரைத் தாங்குகிறது.

ஆனால் அந்த மண் அவரை வேறு விதமாகவும் நினைவில் வைத்திருக்கிறது. சோட்டா நாக்பூரிலும் அதையடுத்த ஒரிசாவின் சுந்தர்கர் பகுதியிலும் இருந்து வரும் ஆதிவாசி ஆட்டக்காரர்களைப் பாருங்கள். எத்தனை பேர் பின்வரிசையில் நிற்கிறார்கள்! மைக்கல் கிண்டோ புல்-பேக். 1972 மியூனிச் ஒலிம்பிக்கில் வெண்கலமும் 1975இல் கோலாலம்பூரில் உலகக் கிண்ணமும் வென்ற அணிகளில் ஆடியவர். திலிப் திர்க்கியும் புல்-பேக். மூன்று ஒலிம்பிக்கில் நின்றவர், நானூறுக்கு மேற்பட்ட சர்வதேச ஆட்டங்களைக் கண்டவர். கற்களும் மேடுகளும் நிறைந்த நிலத்தில், எங்கே துள்ளும் என்று தெரியாத பந்தை நிறுத்திப் பழகியவர்களுக்கு, சமதரையில் வரும் பந்து எம்மாத்திரம்? நம் பசறை, மடுல்சீமைப் பிள்ளைகளுக்கும் அப்படிப்பட்ட நிலம் குறைவில்லை. மட்டையும், கற்றுக்கொடுக்க ஓர் ஆளும்தான் வேண்டும்.

2016இல் ரியோ ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியப் பெண்கள் அணியில், ஜார்க்கண்ட் மாநிலத்திலிருந்து ஒலிம்பிக் சென்ற முதல் ஹொக்கிப் பெண்ணாக நிக்கி பிரதான் இருந்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் டோக்கியோவில் நான்காம் இடம்பெற்ற அணியிலும் அவர் ஆடினார். அவர் பிறந்த ஊர் ஹேசல், தக்ரா இருக்கும் அதே குந்தி மாவட்டம். அவர் நின்ற இடம் பின்வரிசை.